மூளைக்குள் கிளி இல்லை

1

என் மகள் மீனா போன வாரம் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை எழுதினாள். வீட்டுக்கு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் அதை என்னிடம் நீட்டினாள். தலைப்பு, 'என் அம்மாவின் வேலை'. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்.

"என் அம்மா இறந்துபோனவர்களின் மூளையை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்ப்பாள். சாயம் ஒட்டாத அன்று வீட்டுக்கு வந்து எங்களைத் திட்டுவாள். இந்தியாவில் யாருக்காவது தலை வலித்தால் எங்கள் வீட்டில் டெலிபோன் அடிக்கும். அம்மா டாக்டர் இல்லை. அதை அவர்களுக்குப் புரியவைக்க அவளால் இதுவரை முடியவில்லை."

ஆசிரியை ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டி அனுப்பியிருந்தார். நான் பத்து வருடமாகச் செய்கிற வேலையை இந்தப் பிள்ளை ஐந்து வரியில் முடித்துவிட்டாள். அதில் திருத்த ஒரு எழுத்துகூட இல்லை என்பதுதான் எரிச்சலைக் கிளப்பியது.

"இதையே தமிழில் எழுதிக் காட்டு" என்றேன், பழிவாங்குகிற எண்ணத்தில்.

"மூளைக்கு எந்த 'ள'?" என்று கேட்டாள். நான் சொல்வதற்குள் மாடிக்கு ஓடிப்போய்விட்டாள்.

என் சொந்த ஊரான போடியில் இதைப் படிக்கிறவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஒற்றைத் தலைவலிக்கு மாத்திரை சொல்லத் தெரியாது. பரீட்சையில் ஞாபகசக்திக்கு என்ன சாப்பிட வேண்டும் என்றும் தெரியாது. என்ன தெரியும் என்பதையும், அந்த அரைகுறை அறிவை வைத்துக்கொண்டு ஒருமுறை நான் பட்ட பாட்டையும் எழுதிவிடுகிறேன். அப்புறமும் போன் செய்வீர்கள், அது வேறு விஷயம்.

2

எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி இங்கிலாந்துக்கு வந்தேன். வருடத்தில் பாதி நாள் தூறிக்கொண்டே இருக்கும் வடக்கத்தி ஊர். என் கணவர் இங்கே ஓர் ஆலையில் இன்ஜினியர். நான் மதுரையில் வாங்கிய விலங்கியல் பட்டத்தோடு பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் சேர்ந்தேன். முதலில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவ விட்டார்கள். அப்புறம் மூளையைச் சீவ விட்டார்கள். இப்போது சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, என்ன தெரிகிறது என்று எழுதுகிறேன்.

நான் பார்ப்பது மைக்ரோகிளியா என்கிற செல்களை. உடம்பில் எங்கே காயம் பட்டாலும் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் ஓடிவந்து கிருமியைத் தின்னும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். மூளைக்குள் அப்படி நினைத்த நேரத்தில் யாரும் நுழைந்துவிட முடியாது. அதனால் அங்கே அந்த வேலைக்கென்றே சில செல்கள் நிரந்தரமாக இருக்கின்றன. சாதாரண நாளில் சின்ன உடம்பும் சுற்றிலும் முட்செடி மாதிரிக் கிளைகளுமாகக் கிடக்கும். எங்காவது அடிபட்டால், கிருமி புகுந்தால், கிளைகளை உள்ளிழுத்துக்கொண்டு உருண்டையாகிவிடும். அந்த இடத்துக்குப் போய்ச் செத்ததையெல்லாம் விழுங்கும்.

இவை எங்கிருந்து வந்தவை என்று பெரிய விஞ்ஞானிகளுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. ரத்தத்தோடு வந்து குடியேறியவை என்று ஒரு கட்சி, மூளையிலேயே பிறந்தவை என்று இன்னொரு கட்சி. எங்கள் தலைவர் முதல் கட்சி. எதிர் அறைக்காரர் இரண்டாவது கட்சி. இருவரும் ஒரே கெட்டிலில்தான் வெந்நீர் போடுகிறார்கள், ஆனால் பேசிக்கொள்வதில்லை.

சும்மா இருக்கும் செல்களைப் புத்தகத்தில் 'ஓய்வில் இருப்பவை' என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வார்த்தையைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வரும். நாங்கள் பார்ப்பது செத்த மூளை. உயிரோடு இருக்கும்போது அவை ஓய்வெடுத்தனவா, ஓடியாடினவா என்று யார் கண்டார்கள்? போதாததற்கு வெள்ளிச் சாயம். திங்கட்கிழமை ஒட்டும், அதே பக்குவத்தில் செய்தால் செவ்வாய்க்கிழமை ஒட்டாது.

ஒருமுறை ஊருக்குப் போனபோது இதை என் அண்ணனுக்கு விளக்கப் பார்த்தேன்.

"மைக்ரோ... என்னது?"

"மைக்ரோகிளியாண்ணே."

"கிளியா? மூளைக்குள்ள கிளியா?"

"கிளி இல்லண்ணே. கிளியா. கிரேக்கத்துல பசைன்னு அர்த்தம்."

"பசையா, கிளியா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லு."

அன்றிலிருந்து போடியில் எனக்குக் கிளி டாக்டர் என்று பெயர்.

3

அண்ணன் பெயர் ராசு. என்னைவிட நிறைய மூத்தவர். குரங்கணிக்கு மேலே மலையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கிறார். மேலேயே காயை உலர்த்தி, மூட்டை போட்டு, ஜீப்பில் இறக்கி, போடியில் ஏலத்துக்கு விடுவார். மலையில் மலையாளம் கலந்து பேசிப் பழகிய வாய். எதைக் கேட்டாலும் "கொழப்பமில்ல" என்பார், ஒன்றும் பிரச்சினையில்லை என்கிற அர்த்தத்தில்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் போடியில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். மீனாவை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் வந்திருந்தேன். வந்த அன்றே பேச்சி மதினி, அண்ணனின் மனைவி, என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"சாந்தா, உங்க அண்ணனுக்கு ஒரு மாசமா தலவலி. சாயங்காலமானா மேலு காயுது. தின்னதெல்லாம் வாந்தி. கேட்டா எம்மேல எரிஞ்சு எரிஞ்சு விழுறாக."

"டாக்டர்ட்ட போனீகளா?"

"மலைக்காய்ச்சல்னு மாத்திர குடுத்தாரு. கண்ணாடி போடணும்னு ஒருத்தர் சொன்னாரு. எங்கப்பா அவரு ஊரு தேவாரத்துல இருந்து திருநீறு மந்திரிச்சுக் கொண்டாந்தாரு. ஒண்ணும் கேக்கல."

தலைவலி என்றதும் எனக்கு அலுப்புத்தான் வந்தது. அதற்குள் ஆறேழு பேர் தங்கள் தலைவலியைச் சொல்லிவிட்டிருந்தார்கள். ஆனால் மறுநாள் வாசலில் அண்ணன் செருப்பு வாரை மாட்டுவதைப் பார்த்தேன். குனியவில்லை. காலைத் தூக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, தலையை நேராக வைத்தபடியே கையால் தடவி மாட்டினார். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். கழுத்தைத் திருப்பாமல் முழு உடம்போடு திரும்பினார்.

இந்த விறைப்பை நான் காகிதத்தில் படித்திருக்கிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் சில மூளைகளைத் திருப்பி வைத்தால் அடிப்பக்கம் முழுக்கப் பச்சை பாய்ந்த பிசின் மாதிரி ஒன்று அப்பியிருக்கும். மூளை உறையில் காசநோய் வந்தவர்களின் மூளை அது. அதைச் சீவிப் பார்த்தால் என்னுடைய செல்கள் கிளையெல்லாம் போய் உருண்டு திரண்டு கூட்டம் கூட்டமாக நிற்கும். கூடவே வந்த குறிப்பில் எப்போதும் இதே கதைதான் இருக்கும். பல வாரத் தலைவலி, மாலைக் காய்ச்சல், வாந்தி, எரிச்சல், கழுத்து விறைப்பு. அப்புறம் மயக்கம்.

"அண்ணே, தலையைக் குனிங்க. தாடை நெஞ்சைத் தொடணும்."

"எனக்குச் சோலி கெடக்கு. நாளைக்கு ஏலத்துக்குக் காய் போகுது."

"தொடுங்கன்னேன்."

முயன்றார். பாதியில் நின்றுவிட்டது. முகம் வலியில் கோணியது.

"ஜீப்புல குலுங்கிக் கழுத்துப் பிடிச்சிருக்கு. கொழப்பமில்ல."

"இன்னைக்கே மதுரைக்குப் போகணும்."

"மூணு நாள் போகட்டும்."

"மூணு நாள்ல உங்களுக்கு நெனவு இருக்குமான்னு எனக்குத் தெரியாதுண்ணே!"

நான் கத்தியதில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். நல்லது நடக்கிற வீட்டில் நின்று இது என்ன பேச்சு என்று என்னைத்தான் வைதார்கள். ஒருவர் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார். ஒருவர் வெயில் என்றார். இவ்வளவு பேரும் என்னைக் கிளி டாக்டர் என்று கூப்பிட்டவர்கள். ஒரே ஒரு தடவை உண்மையிலேயே நான் சொல்வதைக் கேட்க வேண்டிய நேரம் வந்தபோது, அவள் என்ன டாக்டரா என்று கேட்டார்கள்.

மதினி மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு டிரைவரிடம் போய் ஜீப்பை எடுக்கச் சொன்னாள்.

"ஏலத்துக்குக் காயி..." என்றார் அண்ணன்.

"காய் தானாப் போகும். நீங்க தானாப் போக மாட்டீக. வெரசா ஏறுங்க."

4

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி. இளம் டாக்டர் ஒருவர் அண்ணனின் கழுத்தைத் தூக்கிப் பார்த்தார், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். சம்மதக் கையெழுத்துக்கு மதினி கையை நீட்டினாள்.

"ஆம்பளை யாரும் வரலையா?" என்றார் அங்கிருந்த குமாஸ்தா.

"நான்தான் அவுக பொண்டாட்டி."

"தெரியுதும்மா. ஆம்பளை ஆள் போட்டாத்தான் நல்லது. பின்னாடி பிரச்சினை வரும்."

டிரைவரை விட்டால் எங்களோடு வந்த ஒரே ஆண் மதினியின் அப்பா. நான் தேவாரத்து மாமா என்று கூப்பிடுவேன். மலையடிவாரத்தில் சோளக்காடு வைத்திருப்பவர். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "முதுகுல ஊசி போட்டாக் காலு வெளங்காமப் போயிரும். எங்க ஊர்ல ஒருத்தனுக்குப் போச்சு. நான் போட மாட்டேன்" என்றார்.

"மாமா, அவருக்குக் காலு போனது நோயால. ஊசியால இல்ல."

"நீ பாத்தியா?"

நான் பார்க்கவில்லைதான். அண்ணன் பெஞ்சில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் சற்றுத் தாமதித்துத்தான் திறந்தார். குமாஸ்தா பேனாவை மூடிவைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இங்கிலாந்தில் இரண்டு கட்சிக்கும் நடுவே நின்று பழகியவள் நான். ஆனால் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நிற்க எனக்குத் தெம்பில்லை. அழுகை வந்தது. அழுதால் இன்னும் கேட்க மாட்டார்கள் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மதினி நேராக டாக்டர் அறைக்குள் போனாள். கதவு திறந்தே இருந்ததால் எங்களுக்குக் கேட்டது.

"சாமி, தாலி கட்டிக்கிட்டது நானு. இவுகளுக்கு ஒண்ணுன்னா அறுக்கப் போறவளும் நானு. எங்கப்பன் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?"

டாக்டர் எழுந்து வந்து, அவளிடமே கையெழுத்து வாங்கினார்.

காசநோய்தான் என்று உறுதியானது. கிருமியைக் கொல்லும் மாத்திரைகளும் தினம் ஓர் ஊசியும் எழுதினார். மூளை வீக்கம் குறைய ஸ்டீராய்டு மாத்திரையும் எழுதினார். அது என்ன மாத்திரை என்று மாமா என்னிடம் கேட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நம் உடம்பின் எதிர்ப்பைக் கொஞ்சம் அடக்கிவைக்கும் மாத்திரை என்று விளக்கினேன்.

"காவக்காரனக் கட்டிப்போட்டுட்டுத் திருடனப் பிடிக்கப் போறீகளா? படிச்சவுகதானா நீங்க?"

"மாமா, போன வருசம் உங்க காட்டுக்குள்ள ஆனை வந்துச்சுல்ல?"

"வந்துச்சு."

"விரட்ட எத்தனை பேரு போனீக?"

"ஊரே போச்சு. தகரம், தீப்பந்தம், வேட்டு."

"மறுநாள் காடு எப்படி இருந்துச்சு? ஆனை மிதிச்சது எவ்வளவு, நீங்க மிதிச்சது எவ்வளவு?"

மாமா தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்தார்.

"மண்டை ஓடு மூடுன பானை. உள்ள வீங்குனா வெளிய போக வழி கிடையாது. கிருமி பண்றது பாதி. கிருமிய விரட்டுறேன்னு நம்ம செல்லுக கூடிக்கிட்டுப் பண்றது மீதி. கிருமிக்கு வேற மருந்து இருக்கு. இது நம்ம ஆளுகள மெதுவாப் போகச் சொல்ற மருந்து."

 "கடலையும் போச்சு அந்த வருசம். ஆனை அந்தப் பக்கமே போகல" என்றார் மாமா. பிறகு மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

5

அண்ணன் இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தார். மதினி கட்டிலை விட்டு நகரவில்லை. என் விடுப்போ முடிந்துகொண்டிருந்தது. எங்கள் தலைவருக்குத் தந்தி கொடுக்கத் தபாலாபீசுக்குப் போனேன். அண்ணனுக்கு மெனிஞ்சைட்டிஸ் என்கிற மூளை உறை நோய், விடுப்பை நீட்டிக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன்.

"இது யாரும்மா, மேனன்?" என்றார் தந்திக்காரர்.

"மேனன் இல்ல சார், நோய்."

"மேனனுக்கு நோயா?"

எழுத்து எழுத்தாகச் சொன்னேன். தலையாட்டினார். வந்த பதில் தந்தியில், விடுப்பு தந்திருப்பதாகவும், திரு மேனன் விரைவில் குணமடைய ஆய்வுக்கூடத்தினர் அனைவரும் விரும்புவதாகவும் இருந்தது. திரும்பிப் போனபோது இரண்டு கட்சியினரும் தனித்தனியே வந்து மேனனைப் பற்றி விசாரித்தார்கள். இன்றுவரை எங்கள் தலைவர் என் அண்ணனை மேனன் என்றுதான் சொல்கிறார். திருத்துவதை விட்டுவிட்டேன்.

அண்ணன் கண் விழித்தபோது முதலில் கேட்டது, காய் என்ன விலைக்குப் போனது என்று. மதினி அதைக் கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வராண்டாவுக்குப் போய்விட்டாள். நான் பின்னால் போனேன். சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். அவ்வளவு நாளும் ஒரு சொட்டு விடாதவள்.

6

ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் புறப்படும்போதே டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு வருடத்துக்கும் மேல் மாத்திரை சாப்பிட வேண்டும், நடுவில் நிறுத்தினால் கிருமி திரும்பி வரும். அண்ணனும் சரி சரி என்று தலையாட்டினார். அவர் கொழப்பமில்ல என்றபோதே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும்.

நான் இங்கே திரும்பிச் சில மாதங்களில் ஒரு காலை டெலிபோன் அடித்தது. ஏலக்காய்க் கடை ஒன்றிலிருந்து மதினி ட்ரங்க் கால் போட்டிருந்தாள். எட்டு ஊர் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி இரைச்சல்.

"சாந்தா, உங்க அண்ணன் மாத்திரைய நிப்பாட்டிட்டாக! காதுக்குள்ள இரையுதாம், நாக்குக் கசக்குதாம். நான் நல்லாத்தான இருக்கேன்னு மலைக்குப் போயிட்டாக!"

"எப்ப?"

"பத்து நாளாச்சு!"

"மதினி, மேல போயி..." என்று நான் கத்தும்போது நடுவில் யாரோ நுழைந்து, "தேனி, தேனி, லைன்ல இருங்க" என்றார்.

"காதுல இரைச்சல்னா டாக்டர்ட்ட சொல்லணும், அந்த ஊசிய மாத்துவாரு! மாத்திரைய நிறுத்தக்கூடாது! மறுபடி வந்தாப் பிழைக்க மாட்டாரு! கேக்குதா?"

"கேக்குது, கேக்குது" என்றது ஓர் ஆண் குரல். அது ஆபரேட்டர். லைன் போய்விட்டது.

நான் மறுபடி கால் புக் செய்துவிட்டு அன்று வேலைக்குப் போகாமல் டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கிடைக்கவேயில்லை. ஐயாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு ஒரு ஆளை மாத்திரை விழுங்க வைக்க முடியாது. வெளிநாட்டு வாழ்க்கை பற்றி ஊரில் யாராவது பெருமையாகப் பேசும்போது எனக்கு அந்தக் கறுப்பு டெலிபோன்தான் கண்முன் வருகிறது.

பிறகு நடந்ததை மதினி சொல்லித் தெரியும். அன்றே அவள் ஜீப்பு பிடித்துக் குரங்கணி போயிருக்கிறாள். அங்கிருந்து தோட்டத்துக்கு நடந்து ஏறினாள். அதுவரை மலை ஏறியதே இல்லை. அண்ணன் ஆட்களோடு காய் உலர்த்தும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். எல்லார் முன்னாலும் மாத்திரையை நீட்டினாள்.

"வீட்டுக்குப் போ. ஆளுக முன்னாடி அசிங்கப்படுத்தாத."

"இத முழுங்குங்க, போறேன்."

"முழுங்க மாட்டேன். என்ன பண்ணுவ?"

"இங்கயே இருப்பேன்."

இருந்தாள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, அந்தப் பருவம் முழுக்க. குளிருக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு அங்கேயே சமைத்தாள். பிள்ளைகளைத் தேவாரத்தில் அப்பாவிடம் விட்டாள். மதுரை டாக்டரிடம் இழுத்துப் போய் ஊசியை மாற்றினாள். தினமும் காலையில் மாத்திரையைக் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாளாம். ஆட்கள் சிரிக்க, அண்ணன் கெட்ட வார்த்தையில் திட்ட, இவள் பார்த்துவிட்டுத்தான் கஞ்சி ஊற்றுவாளாம்.

7

அண்ணன் பிழைத்தார். இடது காது சுத்தமாகப் போய்விட்டது. நோயால் போனதா, ஊசியால் போனதா என்று டாக்டருக்கே தெரியவில்லை. சில பெயர்கள் மறந்துபோகின்றன. முன்னைவிடச் சீக்கிரம் கோபம் வருகிறது. என் செல்கள் அவருக்கு நல்லது செய்தனவா, கெட்டது செய்தனவா, ஒரே வார்த்தையில் சொல் என்று போன வருடம் நான் ஊருக்குப் போயிருந்தபோது கேட்டார். ரெண்டும்தாண்ணே என்றேன். இதைக் கண்டுபிடிக்கவா இத்தனை வருசம் சீமையில இருக்க என்று எரிந்து விழுந்தார்.

அந்தப் பயணத்தில் மீனாவையும் கூட்டிப் போயிருந்தேன். விமானத்திலேயே அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அண்ணனிடம் அவள் பேசியதெல்லாம் அவருக்குப் பாதிதான் போய்ச் சேர்ந்தது.

"எனக்குக் காது கேக்காததுனால புரியலயா, இவ பேசுறதே புரியாதா?" என்று கேட்டார்.

"ரெண்டும்தாண்ணே" என்று அதற்கும் சொன்னேன்.

ஒரு நாள் நால்வரும் குரங்கணிக்குப் போய் ஜீப்பு ரோட்டில் நடந்தோம். அண்ணனும் மதினியும் முன்னால் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். உரம் வாங்குவது பற்றி, யாரோ கல்யாணத்துக்குப் போகாதது பற்றி. மதினி அவருக்கு இடது பக்கமாகவே நடந்தாள். ரோடு திரும்புகிற இடத்தில் அண்ணன் மறுபக்கம் ஒதுங்கினால் இவளும் சுற்றி வந்து இடது பக்கம் சேர்ந்துகொண்டாள். திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. அண்ணன் காதில் அதில் பாதி விழவேயில்லை.

மீனா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு ஓடிப்போய் மதினியின் கையைப் பிடித்தாள்.

"அத்தை, மாமாக்கு அந்தக் காது தானே கேக்குது? நீங்க ஏன் கேக்காத பக்கத்துல பேசறாங்க?"

"பேசறாங்க இல்லடி, பேசுறீக" என்று திருத்தினாள் மதினி. பிறகு சாதாரணமாகச் சொன்னாள். "மூட்டை ஏத்திக்கிட்டு ஜீப்பு வரும்ல ஆத்தா. அந்தப் பக்கம் அவுக கேட்டுக்கிருவாக. இந்தப் பக்கம் நான் கேக்குறேன்."

மீனா நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"என்ன சொல்றா? ரெண்டு பேரும் என்னயப் பத்தி என்ன சொல்றாக?" என்று அண்ணன் என்னிடம் எரிச்சலோடு கேட்டார்.

"ஓரமாப் போகணுமாம்ணே" என்று அவருடைய நல்ல காதுப் பக்கம் போய்க் கத்தினேன்.